சேற்றுக்கு அடியில் இருந்த தடம்

இன்று காலை உன் ஊரான சுண்ணாம்புக்குளத்தில் உன் மனைவியைப் பார்த்தேன். ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தாள். பல்லில் கவ்வியிருந்த இறால் பறிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வா டேப்பு அண்ணா" என்றாள். நீ வைத்த பட்டப்பெயர் உன்னோடு போய்விடவில்லை. அவள் கையில் கறுப்புச் சேற்றின் வாடை. அந்த வாடைக்கு எனக்கு ஏரி நினைவு வந்திருக்க வேண்டும். வந்தது யானை.

சர்வே டிப்ளமா முடித்து ஓசூர்ப் பக்கம் யானை ஆய்வுக் குழுவில் சேர்ந்தேன். கூட ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன்னைக் கூப்பிட்டேன். யானை லத்தியை உடைத்து உள்ளே என்ன விதை இருக்கிறது என்று பார்க்கும் வேலை கொடுத்தேன். "ஊர்ல இன்னா வேலன்னு கேட்டா இன்னாடா சொல்றது?" என்று மட்டும் கேட்டாய்.

முன்னங்கால் தடத்தின் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு யானையின் தோள் உயரம். இதைச் சொன்னபோது நீ அசரவில்லை. ஏரியில் இறால் பிடிக்கும் நீங்களெல்லாம் சேற்றை மிதித்துத் தடம் பதித்துக்கொண்டே போவீர்கள். திரும்பி வரும்போது அந்தத் தடங்களில் ஒதுங்கிய இறாலைக் கையால் தடவிப் பிடிப்பீர்கள். தடம் உனக்குப் புதிதில்லை.

பிறகு அந்த மழைக்காலம். ஒரு யானை குடிசையை இடித்து ஆளைக் கொன்றுவிட்டது. எல்லோரும் காதறுந்தானைச் சொன்னார்கள். ஒரு வருடமாக நாம் பின்தொடர்ந்த கிழட்டுக் கொம்பன். தடமும் அவனுடையதுதான் என்று நாம் எழுதிக் கொடுத்தால் சுட உத்தரவு வரும். தண்ணீர் தேங்கிய வயலில் நான் டேப்பைப் பிடித்தேன். அவன் அளவோடு பொருந்தியது. அறிக்கை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். ஜீப் நின்றிருந்தது. நீ வயலை விட்டு ஏறவில்லை, அது அவனில்லை என்றாய்.

"எறா புடிக்கிறவனுக்கு ஆனையப் பத்தி இன்னாடா தெரியும்?" என்று அத்தனை பேர் முன்னால் கத்தினேன்.

நீ தடத்துக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு சொன்னாய்: "மேல சேறு சரிஞ்சி அகலமா கீது. நீ அத்த அளந்துகினு கீற. கால் வெச்ச எடம் அடியில கீது. கைய வுடு."

விட்டேன். சேற்றுக் கூழுக்கு அடியில் கெட்டியாக ஒரு விளிம்பு. ஐந்தாறு தடங்களில் கயிறு சுற்றி அளந்தோம். எல்லாவற்றிலும் ஒரு சாண் குறைவு. காதறுந்தானின் கால் அதற்குள் நுழையவே நுழையாது. அறிக்கையைக் கிழித்து வேறு எழுதினேன். அவன் பிழைத்தான். போன மாதம்கூடக் காட்டுக் குளத்தில் பார்த்தேன், உடம்பெல்லாம் சேறு பூசி நின்றான்.

புது அறிக்கையில் உன் பெயரை எழுதவில்லை. எழுதியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அன்று கத்தியதற்கு உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. மஞ்சள்காமாலையோடு நீ ஊருக்குப் போனாய். நீ இறந்த செய்தி வந்தபோது நான் காட்டில் இருந்தேன்.

இன்று எல்லாவற்றையும் உன் மனைவியிடம் சொல்ல ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள். "அதான் அப்பவே சொன்னாரே. கையெழுத்து போட்டத டேப்பு அவனே கிழிச்சிட்டாண்டி, எவன் செய்வான்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தாரு."

நான் திட்டியதைச் சொன்னாரா என்று கேட்டேன்.

"திட்னியா? எப்போ?"

அதை நீ வீடுவரை கொண்டுபோகவே இல்லை. என்னிடம்தான் இருக்கிறது. இருக்கட்டும்.