இல்லாத இடத்தைக் காட்டும் திரை

இன்று ஆபீசில் நடந்தது சின்ன விஷயம்தான். ஆனாலும் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எல்ல என்கிற ஊரில் மூடிப்போன ஒரு கெஸ்ட் ஹவுஸின் பழைய வெப்சைட் ஃபோல்டருக்குள் நான் வேலையாக இருந்தேன். பக்கத்து மேசைக்காரர் அது இனித் தேவையில்லை என்று அங்கிருந்தே அழித்துவிட்டார். நாம் கட்டளை அடிக்கிற கறுப்புத் திரையில், எந்த ஃபோல்டருக்குள் நிற்கிறோம் என்று ஒவ்வொரு வரிக்கும் முன்னால் பச்சையில் வருமே, நீ போட்டுக் கொடுத்தது, அது மட்டும் அசையவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் ஒன்றுமில்லை. என்டரைத் தட்டத் தட்ட அதே பெயர். இடம் போனது அதற்குத் தெரியவே இல்லை.

அந்த ஃபோல்டரை விட்டு வெளியே வந்தால் சரியாகிவிடும் என்றார் அவர். வர மனமில்லை.

முன்பெல்லாம் அந்த வரியில் கடைசிப் பெயர் மட்டும்தான் வரும். எல்லா ஹோட்டலுக்கும் உள்ளே ‘படங்கள்’ என்று ஒரு ஃபோல்டர். நீ எல்லக்காரரின் நீச்சல் குளத்தை அப்புத்தளைக்காரரின் வெப்சைட்டில் ஏற்றிவிட்டாய். வந்தவர்களெல்லாம் குளம் எங்கே என்று கேட்கிறார்கள் என்று அந்த மனிதர் போனில் கத்தினார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றி முழுப் பாதையையும் வரவைத்தாய். பாதித் திரையை அடைக்குதேடி என்று நான் முணுமுணுத்தேன்.

“வெறும் காம்பரா நம்பர சொன்னா எவ கண்டுபிடிப்பா? டிவிசன், லயம், காம்பரா, மூணும் வரணும்” என்றாய், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஓர் அறையில் இருந்தவள்.

நான் சொன்னதில் நீ எதைத்தான் கேட்டாய்? அந்த மழையில் பதுளையிலேயே என்னோடு தங்கச் சொன்னேன். அம்மா தனியாக இருக்கிறார் என்று பஸ் ஏறினாய். அம்மாவைக் கொண்டுபோய்ப் பாதுகாப்புக்குப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அங்கேயே இருந்திருக்கலாம். ஆட்டை அவிழ்த்துவிட லயத்துக்குத் திரும்பினாய். அப்போதுதான் மலை சரிந்தது. எத்தனையோ நாள் தோண்டினார்கள். நீ கிடைக்கவில்லை. எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

நேற்று உன் அம்மா பேசினார். நீ எங்கேயோ உயிரோடு இருக்கிறாய் என்று இத்தனை நாளும் கருமாதிக்குச் சம்மதிக்காதவர்.

“செஞ்சா அவ இருந்த எடத்துலதான் செய்வேன். அது எதுன்னு எனக்குத் தெரியலம்மா. நீ வந்து காட்டு” என்றார்.

நான் எதைக் காட்டுவேன்? லயமும் இல்லை, அதற்குப் போகும் படியும் இல்லை. ஒரே மண்மேடு, அதன்மேல் இடுப்பளவு புல். பெயர் மட்டும்தான் என்னிடம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். கால் எங்கே நிற்கிறதோ அங்கே நின்று, மேல் டிவிசன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா, இதுதான் என்று சொல்லப்போகிறேன். உன் அம்மா அங்கே சூடம் ஏற்றுவார். அவர் முன்னால் தயங்க மாட்டேன். இடம் தப்பென்றால் நீயே வந்து சொல். பயப்பட மாட்டேன்டி.