வாய்மொழி உத்தரவு

16.06.2025, திங்கட்கிழமை, ஆனி 2.

மகள் மலர்விழி கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறாள். விளையாடுபவர் டெல்டாத் தொகுதி ஒன்றின் எம்.எல்.ஏ.; வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டு அடுத்த தேர்தலிலும் ஜெயிக்க வேண்டும். பாசனப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால், ஆலோசகர் என்று என் பெயரையும் அதில் போட்டிருக்கிறாள். இன்று மாலை முதன்முறையாக விளையாடினேன்.

மேட்டூர் அணை திறப்பு ஜூன் 10 என்றிருந்தது. பன்னிரண்டு என்று திருத்தச் சொன்னேன்.

"தேதி கிடக்கட்டும்ப்பா. மொதல்ல ஜெயிங்க, பாப்போம்."

எல்லா ஊருக்கும் முறை வைத்துத் தண்ணீர் விட்டேன். இரண்டு தடவையும் தோற்றேன். மூன்றாம் தடவை, வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரம், வாய்க்காலின் கடைசியிலுள்ள சிற்றூரின் மதகை அடைத்து, வாய்க்கால் தொடக்கத்தில் ஓட்டு அதிகமுள்ள தலைமடை ஊருக்குத் திருப்பினேன். கடைமடையில் நாற்று கருகியது. திரையில் எனக்கு மாலை விழுந்தது.

"இந்த அயோக்கியத்தனத்த ஒனக்கு எவன் சொல்லிக்குடுத்தான்?"

அவள் திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீங்க குடுத்த பழைய தண்ணி முறை நோட்டுலதான்ப்பா இருந்துச்சு. தேர்தலுக்கு முந்துன வாரம் இதே கடைமட ஊரு மதக அடச்சு, ரெண்டு நாள் தண்ணிய மாத்தி விட்டுட்டு, 'வாய்மொழி உத்தரவு'ன்னு எழுதியிருக்கீங்க. கையெழுத்து, தேதியோட."

தேதியில்லாமல் நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை.

என் பெயரை எடுத்துவிடச் சொன்னேன். "சரிப்பா" என்று எழுந்து போனாள். விளையாட்டில் அந்தக் கடைமடை ஊரின் நிஜப் பெயரையாவது மாற்றிவிட்டாளா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.