படத்தில் பின்னால் தெரிந்த மேடு

செப்டம்பர் 12, வியாழன்
நாளை மறுநாள் பென் உவானி சிகரம். மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்துச் சிகரங்கள், அதாவது மன்ரோக்கள், மொத்தம் 282. எனக்கு மிச்சம் இது ஒன்றுதான். கடைசிச் சிகரத்துக்கு எல்லாரையும் கூட்டிப்போக வேண்டுமே என்று சுலபமானதாகப் பார்த்து ஒதுக்கி வைத்திருந்தேன். பதினான்கு பேர் வருகிறார்கள். மழை வந்துவிடுமோ?

செப்டம்பர் 14, சனி
முடிந்தது. மேலே ஒரே பனிமூட்டம். உச்சிக்கு அடையாளமாக அடுக்கிவைக்கும் கற்குவியல் தெரிந்ததும் நண்பன் லாக்லன் எல்லாரையும் இரு வரிசையாக நிறுத்தினான். ஊன்றுகோல்களை உயர்த்தி வளைவு பிடித்தார்கள். "குனிஞ்சு வாடா ஆர்ச்சி, கிரீடம் இடிக்கப்போகுது." அழுதுவிட்டேன். வரைபடத்தைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு
லாக்லன் மகள் படங்கள் அனுப்பியிருக்கிறாள். ஒன்றில் பனி ஒரு கணம் விலகியிருக்கிறது. எங்கள் தொப்பிகளுக்குப் பின்னால் ஒரு மேடு. நாங்கள் நின்ற இடத்தைவிட உயரம்.
வரைபடத்தை விரித்தேன். உச்சி அரை மைல் வடக்கே.
பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான்.

செப்டம்பர் 16
மறுபடி பார்த்தேன். எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். இஷ்பெல் மட்டும் — இறந்துபோன என் மனைவிக்குத் தங்கை, பாதிச் சிகரங்களுக்குக் கூட வந்தவள் — தலையைத் திருப்பி அந்த மேட்டைப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 20, வெள்ளி
மலையேறிகள் சங்க விருந்து. சொல்லிவிடுவது என்றுதான் போனேன். லாக்லன் கோப்பையைத் தூக்கினான். "கதவைப் பூட்டிட்டு மூணு தடவை இழுத்துப் பாக்கிற ஆளு இவன். ஏறிட்டேன்னு சொன்னா ஏறினதுதான்." கைதட்டினார்கள். எழுந்தேன். நன்றி என்றேன். நன்றியாம்! என்ன மனுஷன் நான்? இஷ்பெல் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செப்டம்பர் 22
இஷ்பெல் வீட்டுக்குப் போனேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"லாக்லன் பொண்ணுக்குக் குளிர்ல உதடு நீலமாயிடுச்சு. நீ வேற அழுதுட்டிருந்தே. விருந்துல எழுந்தியே, அப்போ நீயே சொல்லிடுவேன்னு நெனச்சேன்."
"பயந்துட்டேன்."
"தெரியும். சூப் குடிக்கிறியா?"

செப்டம்பர் 23
லாக்லனுக்கு போன் செய்தேன். உச்சியைத் தொடவே இல்லை என்றேன். இருமல் வரும்வரை சிரித்தான். "மத்தவங்ககிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா கண்ணு மூக்கு வெச்சு சொல்லிடுவேன்." திட்டியிருக்கலாம்.

செப்டம்பர் 25
எல்லாரிடமும் சொல்லியாயிற்று. ஒருவர்கூடக் கோபப்படவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்டோபர் 5, சனி
வானம் தெளிவு. இஷ்பெலை மட்டும்தான் கூப்பிட முகம் இருந்தது. முழங்கால் வலியோடு வந்தாள். அன்றைய கற்குவியலைத் தாண்டும்போது இருவருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
உண்மையான உச்சியில் இருக்கும் குவியல் சின்னது, என் முழங்கால் உயரம்கூட இல்லை. இஷ்பெல் ஒரு கோலை ஊன்றிக்கொண்டு மற்றதை உயர்த்திப் பிடித்தாள்.
"சீக்கிரம் வா, வலிக்குது."
வளைவென்று சொல்ல முடியாது. குனிந்துதான் போனேன்.