ஐவி இருக்கிறாவா?

அன்புள்ள கிளெமன்ட் அண்ணைக்கு,

பதினாறு வருடங்கள் நாம் ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். இந்தக் கடிதத்தைத் தமிழில் எழுதுகிறேன். போன இடத்தில் எல்லா மொழியும் விளங்கும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அது பொய்யென்றால் வந்து சொல்லுங்கள். இல்லை, வரவேண்டாம், பகிடிக்குச் சொன்னேன்.

நாளை உங்களுக்கு முப்பத்தோராம் நாள். அன்றைக்கு யாழ்ப்பாணத்து வீடுகளில் இறந்தவரின் படத்தையும் வாழ்க்கையையும் அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்றை வந்தவர்களின் கையில் கொடுப்போம். கல்வெட்டு என்று பெயர். இங்கே லூயிஷாமில் யோகன் அண்ணையின் அச்சகத்தில் நான் வருடக்கணக்காகத் தட்டச்சு செய்வது அதைத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் ஒன்று அடிக்கிறோம். இந்தக் கடிதம் அதன் நடுப்பக்கத்தில் வரும்.

"கிளெமன்டுக்குத் தமிழில கல்வெட்டோ? பிள்ளை, ஆர் வாசிக்கப் போகினம்?" என்று யோகன் அண்ணை கேட்டார்.

"அவர் வாசிப்பார்" என்றேன். யோகன் அண்ணை கடைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுத் தாள் எடுக்க உள்ளே போய்விட்டார்.

அந்தக் கதவால்தான் நீங்கள் முதல்முதல் வந்தீர்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற நெட்டை மனிதர், தோளில் துணிப்பை, பை நிறையச் செத்தவர்கள். ஜமெய்க்காவிலிருந்தும் பார்படோஸிலிருந்தும் இங்கே வந்து வேலைசெய்து இறந்தவர்களின் செத்தவீட்டுப் புத்தகங்களைப் பிரதி எடுக்க வேண்டும் என்றீர்கள். கறுப்பு மக்களின் கல்யாணப் படங்கள், தேவாலயக் குழுப் படங்கள், நடன நோட்டீஸ்கள், தாதிகளின் அடையாள அட்டைகள் என்று எதையும் நீங்கள் விட்டதில்லை. வீடு காலிசெய்யும் இடத்தில் குப்பைத் தொட்டிக்குள் இடுப்புவரை குனிந்து நின்ற உங்களை நானே கண்டிருக்கிறேன்.

அன்று என் மேசையில் கிடந்த கல்வெட்டைத் தூக்கி, "யார் இவர்?" என்று கேட்டீர்கள். யாரோ ஒரு வாடிக்கையாளரின் தகப்பன், எனக்குத் தெரியாது என்றேன். "அவருடைய முழு வாழ்க்கையையும் அடித்துவிட்டுத் தெரியாது என்கிறாயா?" என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் அந்தக் கோபத்தோடேயே அந்தப் புத்தகத்தை ஒரு வரி விடாமல் வாசித்தேன்.

பிறகு சனிக்கிழமைகளில் உங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினேன். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் அட்டை. நீங்கள் கிழமை நாட்களில் விவரங்களை டேப்பில் பேசி வைப்பீர்கள், நான் சனிக்கிழமை கேட்டு அடிப்பேன். என் விரலுக்கு நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் கொஞ்சம் மௌனம் விடுவீர்கள். நடுவில் உங்கள் குரலே, "தங்கச்சி, இப்போது தேத்தண்ணி குடி" என்று சொல்லும். தங்கச்சி, தேத்தண்ணி என்ற இரண்டு சொல்லையும் தமிழிலேயே சொல்வீர்கள், சரியாகவும் சொல்வீர்கள்.

என் பிழையை நினைத்து இன்னும் சிரிக்கிறீர்களா? அலுவலக முறைப்படி நீங்கள் குடும்பப் பெயரை முதலில் சொன்னீர்கள். "ஆர்ச்சர், கிளெமன்ட்." எங்களில் முதலில் வருவது தகப்பன் பெயர், பின்னால் வருவதுதான் ஆளின் பெயர். செல்லத்துரை மலர் என்றால் நான் மலர், செல்லத்துரை என் அப்பா. இந்த ஊரில் இருபத்தைந்து வருடம் இருந்தும் என் கைக்கு அது மறக்கவில்லை. எல்லோரையும் அவரவர் சொந்தப் பெயரில் அகரவரிசைப்படுத்தி, பக்கத்தில் 'தகப்பன்' என்று ஒரு நிரல் போட்டு, அதற்குள் குடும்பப் பெயர்களை அடித்து முடித்துவிட்டேன். எட்டு மாத வேலை.

நீங்கள் அந்த நிரலை மேலிருந்து கீழ்வரை வாசித்தீர்கள். பிறகு, "ஆர்ச்சர் என் தகப்பன் இல்லை, மலர். என் பாட்டனின் பாட்டனை அடிமையாக விலைக்கு வாங்கியவன்" என்றீர்கள். ஆயிரக்கணக்கான மனிதரை அவர்களின் எசமான்களுக்கே பிள்ளைகளாக எழுதி வைத்திருந்தேனே. அழிக்கிறேன் என்று எழும்பினேன். நீங்கள் 'தகப்பன்' என்ற சொல்லை மட்டும் வெட்டினீர்கள். வரிசையை அப்படியே விடச் சொன்னீர்கள். எங்கள் ஆட்கள் முதல்தடவையாகத் தங்கள் பெயரில் இருக்கிறார்கள் என்று சொல்லி, இருமல் வரும்வரை சிரித்தீர்கள். அந்தப் பட்டியலைத்தான் உங்கள் தொலைபேசி எண்ணோடு நூலகங்களிலும் தேவாலயங்களிலும் ஒட்டினீர்கள்.

அன்றைக்குத்தான் என் கதையையும் சொன்னேன். வைத்தியரிடம் போனால், காத்திருக்கும் அறையில் "செல்லத்துரை" என்று கூப்பிடுவார்கள். என் அப்பா செத்தது யாழ்ப்பாணத்தில், ஷெல் விழுந்து. அவரை இங்கே ஒரு தாதி சத்தமாகக் கூப்பிட, நான் எழும்பிப் போவேன். நீங்கள் சிரிக்கவில்லை. "கூப்பிட்டால் அவரும் வருவாரா?" என்று கேட்டீர்கள். அதற்குப் பிறகு அந்த அறையில் பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைக்க எனக்கு மனம் வருவதில்லை.

உங்கள் மருமகள் பர்மிங்ஹாமிலிருந்து வந்து செத்தவீட்டை முடித்துவிட்டு, வீட்டுக் கதவுத் திறப்பை என்னிடம் தந்தாள். நல்ல பிள்ளை. வீட்டை வெள்ளிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஓர் ஆவணக் காப்பகம் எல்லாவற்றையும் எடுக்கச் சம்மதித்தது, ஒன்றைத் தவிர. பெயர் இல்லாத படங்களை எடுக்கமாட்டார்களாம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெயராவது இருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி. நீங்கள் எப்போதும் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்த பெட்டி அது. எழுபத்து மூன்று முகங்கள். மிஞ்சும் சாமான்களை வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் வந்து குப்பை லொறியில் ஏற்றுவார்கள்.

"பெயர் தெரியாது என்று எழுதாதே" என்பீர்கள். அவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத்தான் தெரியாது என்பீர்கள். உயிரோடு இருக்கும் ஒருவர் வாயால் சொன்னால்தான் பெயர், அதுவரை அட்டையில் பெயருக்கான கோடு வெறுமையாக இருக்கட்டும் என்பீர்கள். சரி அண்ணை, வெறும் கோட்டை வைத்துக்கொண்டு நான் லொறிக்காரனிடம் என்ன சொல்வது?

பெட்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தேன். என் கணவர் வாசலிலேயே நின்றார். "உந்தப் பெட்டியை உள்ளுக்குக் கொண்டு வராதை. பேர் தெரியாத சனத்தை என்னெண்டு கூப்பிட்டு வெளியால போகச் சொல்லுறது?" என்றார். அவருக்குப் பயம். சிரித்தேன். ஆனால் பெட்டியைத் திரும்ப உங்கள் வீட்டுக்கே கொண்டுபோய் வைத்தேன்.

ஞாயிறு மத்தியானம் உங்கள் கடைசி டேப்பைப் போட்டேன். அது அந்தப் பெட்டிக்கான டேப். "இலக்கம் ஒன்று" என்கிறீர்கள். பிறகு மௌனம். "இலக்கம் இரண்டு." மௌனம். அடிப்பதற்கு ஒன்றுமே இல்லாத இடத்தில் எனக்கு எதற்கு அவ்வளவு நேரம் தந்தீர்கள்? கேட்கக் கேட்கத்தான் அந்த மௌனம் எனக்காக விட்டதில்லை என்று விளங்கியது. நீங்கள் அவர்களுக்குச் சொல்ல நேரம் கொடுத்திருக்கிறீர்கள். மௌனத்துக்குள் உங்கள் மூச்சு கேட்டது. இருபதாம் இலக்கத்துக்குப் பிறகு, உங்கள் மூச்சோடு சேராத இன்னொரு மூச்சும் கேட்டது. யன்னலால் வந்த காற்றாக இருக்கலாம். நான் எழும்பி யன்னலைப் பார்த்தேன். பூட்டித்தான் இருந்தது. ஆனால் நீங்கள் பேசிய நாளில் அது திறந்து கிடந்ததோ என்னவோ.

"இலக்கம் நாற்பது" என்று நீங்கள் சொல்லி முடிக்கவும், உங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். வயதான ஒரு பெண் குரல்.

"ஐவி இருக்கிறாவா?" என்று கேட்டது.

அடுத்த வீட்டு ஆளை விசாரிப்பது போலத்தான் கேட்டா. பெயர் போலின். தேவாலயத்தில் உங்கள் பட்டியலைக் கண்டாவாம். பெற்றோர் இல்லாத பிள்ளைகளின் இல்லத்தில் வளர்ந்தவ. தாயைப் பற்றி அவவுக்குத் தெரிந்தது ஒரேயொரு சொல், ஐவி. குடும்பப் பெயர் தெரியாதவருக்கு எந்தப் பட்டியல் திறக்கும்? அறுபது வருடமாக எங்கே போனாலும் முதலில் குடும்பப் பெயரைத்தான் கேட்டார்களாம். என் பிழையான பட்டியலில் மட்டும் ஏழு ஐவிகள் ஒன்றாக, ஒருவருக்குக் கீழ் ஒருவராக இருந்தார்கள்.

திங்கட்கிழமை, நான் மிச்ச டேப்பைப் போட்டிருந்த நேரம் வந்தா; சத்தத்தை மட்டும் குறைத்தேன். ஏழு ஐவிகளையும் மேசையில் வைத்தேன். வயதும் வருடமும் ஒருவருக்கும் பொருந்தவில்லை. அவ அழவில்லை, ஏமாற்றத்துக்குப் பழகிய ஆள். போவதற்குக் குளிர்ச்சட்டையை மாட்டும்போது கட்டிலடிப் பெட்டியைக் கண்டு, "இவர்கள் யார்?" என்றா. சொன்னேன். கதிரையில் திரும்ப இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தா. பாதிக்கு மேல் போனதும் கை நின்றது.

வெள்ளைத் தொப்பி போட்ட, லாண்டரி வேலை உடுப்பில் ஒரு பெண். இடது புருவம் கொஞ்சம் தூக்கியிருந்தது. போலினின் புருவமும் அப்படித்தான், அவ படியேறி வந்தபோதே கவனித்திருந்தேன். அவ படத்தைத் தன் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு, "நான் என் தாயின் முகத்தைக் கண்டதில்லை. நீ சொல்லு, இது அவதானா?" என்று என்னைக் கேட்டா.

இரண்டு முகங்கள் என்னைப் பார்த்தன அண்ணை. ஓம் என்று ஒரு சொல். பெயர் கிடைத்துவிடும், பெட்டியில் ஒன்று தப்பிவிடும், ஒரு கிழவி சந்தோசமாக வீட்டுக்குப் போவா. ஓம் என்பதற்கு வாயைத் திறந்தே விட்டேன். அந்த நேரம் பார்த்து, நான் நிற்பாட்ட மறந்த டேப் மெஷின் ஓடி முடிந்து டக்கென்று நின்றது. அறை முழுக்கக் காது கொடுப்பது போல இருந்தது.

"எனக்குத் தெரியாது" என்றேன். அந்தச் சொல்லுக்காக நான் அவவிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"எனக்கும் தெரியாது" என்றா போலின். ஒரு மணி நேரம் அந்தப் படத்தோடு இருந்தா. போகும்போது பென்சில் கேட்டு வாங்கி, அட்டையின் வெறும் கோட்டைத் தொடாமல், அதற்குக் கீழே எழுதினா: 'போலின் தேடுகிறாள்.'

அவ போன பிறகு அந்த அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெறும் கோடு, கீழே ஒரு பெயர். எங்கள் வழக்கத்தில் பெற்றவரின் பெயர் மேலே, பிள்ளையின் பெயர் பின்னே. பெற்றவர் இடம் காலியாக இருந்தால் பிள்ளை இல்லையென்று ஆகிவிடுமா?

புதன்கிழமை விடிந்ததும் வந்து வேலையைத் தொடங்கினேன். மிச்சம் எழுபத்து இரண்டு அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தை ஒருமுறை பார்த்து, கோட்டுக்குக் கீழே பென்சிலால் எழுதினேன்: 'மலர் தேடுகிறாள்.' கீழே என் தொலைபேசி எண். ஒவ்வொரு அட்டையை வைக்கும்போதும் பின்னறையில் பலகை கிறீச்சிட்டது, கதிரையில் இருந்து ஒருவர் எழும்புவது போல. பழைய வீடு, பலகை கிறீச்சிடத்தான் செய்யும். எழுபத்து இரண்டு தடவை. எண்ணாமல் இருக்க முயன்றேன், முடியவில்லை.

பத்து மணிக்கு ஆவணக் காப்பகத்து அம்மா வந்தா. அட்டைகளைப் புரட்டினா.

"யார் இந்த மலர்?"

"நான்."

"எல்லாரையுமா தேடுகிறீர்கள்?"

"எல்லாரையும்."

யோசித்தா. "அட்டையில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்றுதான் விதி. யாருடைய பெயர் என்று அதில் எழுதவில்லை" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தா. பெட்டி காரின் முன் சீற்றில், அவவுக்குப் பக்கத்தில் போனது. நான் வாசலில் நின்று கை காட்டினேன். யாருக்குக் காட்டினேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

அண்ணை, உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போலினிடமிருந்து வந்தது இரண்டாவது அழைப்பு. முதல்தடவை, பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான் நின்ற போன வெள்ளிக்கிழமை, அதே குரல் அதே கேள்வியைக் கேட்டது. "பிழையான நம்பர், அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்லும்போது ஏழு ஐவிகள் என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். அவ திரும்ப எடுத்திருக்காவிட்டால்? என்னிடமிருந்த முழு வேலையும் அந்த ஒரு பதில்தான், அதையும் பிழையாகச் சொன்னேன்.

இப்போது உங்கள் வீட்டுத் தொலைபேசியை வெட்டிவிட்டார்கள். அட்டைகளில் எழுதிய என் எண்ணுக்கு நேற்றிலிருந்து அழைப்புகள் வருகின்றன. சிலவற்றில் குரல் இருக்கிறது, சிலவற்றில் வெறும் மௌனம். மௌனமாக இருந்தால் நான் வைப்பதில்லை, நீங்கள் டேப்பில் விட்ட அளவு நேரம் விடுகிறேன். எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டாலும், யார் கேட்டாலும், இனி "இல்லை" என்று சொல்லமாட்டேன். "ஓம், இஞ்சதான். வாங்கோ" என்றுதான் சொல்வேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி,
எழுபத்து இரண்டு பேரின் மகள்,
மலர்