நீர்நாய்த் தோல் கேட்டிருந்தாய்

வெள்ளோடைத் தோட்டம், மேற்கணக்கு,
நானுஓயா.
30-9-1956

அன்பு மகள் வடிவுக்கு, அப்பா எழுதுகிறேன். முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், தலைமன்னாரில் நீயும் மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாவும், எல்லாருக்கும் மேலே நான்கு மாதத்துப் பெரிய மனிதர் அழகனும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். இங்கே இரண்டு மாதமாக விடாத மழை, இன்றைக்குத்தான் மலை முகம் காட்டியிருக்கிறது, அம்மா வீட்டிலுள்ள துணி அத்தனையையும் வெளியே போட்டுவிட்டாள், எனக்கு உடுத்த ஒன்றுமில்லாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், வாய்க்கு மட்டும் ஒரு வலியும் கிடையாது, இப்போதும் பக்கத்தில் நின்று அதை எழுதுங்க இதை எழுதுங்க என்று என் கையை நகரவிடாமல் செய்கிறாள்.

ஆடியில் வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீர்நாய்த் தோலில் ஒரு துண்டு அனுப்புங்கள், அரைஞாணில் வைத்துத் தைத்தால் பிள்ளை தூக்கத்தில் திடுக்கிட்டு அழாது என்று சம்பந்தியம்மா சொல்கிறார், அப்பா ஆற்றுக் காவலர்தானே, அவருக்கு இது பெரிய காரியமா என்று எழுதியிருந்தாய். பெரிய காரியமாகத்தான் ஆகிவிட்டது அம்மா. தோல் வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏன் வராது என்பதைப் பொறுமையாகப் படி.

பெரிய துரை இரண்டு வருடத்துக்கு முன் நுவரெலியாவிலிருந்து தகரத்தில் மீன்குஞ்சு கொண்டுவந்து நம் ஓடையின் மடுவில் விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், நாம் தொரை மீன் என்போமே அதுதான். ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகளைக் கூட்டிவந்து தூண்டில் போட்டுப் பிடிப்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. இந்த ஆனியிலிருந்து மீன் குறைய ஆரம்பித்தது. விருந்தாளிகள் தொப்பி நனைந்ததுதான் மிச்சம் என்று வெறுங்கையோடு போனார்கள். ஆட்களை மேய்க்கிற நம் கண்டாக்கையா மணலில் கால் தடத்தைப் பார்த்துவிட்டு இது நீர்நாய் வேலை என்று ஒரே போடாகப் போட்டார். ஒரு தாயும் இரண்டு குட்டியும் மடுவுக்குக் கீழே இருப்பது எனக்கு முன்பே தெரியும். பொறி வை, தப்பினால் துரையின் சிநேகிதர் துப்பாக்கியோடு வருவார், ஒன்றும் மிஞ்சக் கூடாது என்று எனக்கு உத்தரவு வந்தது. அந்த வாரம்தான் உன் கடிதமும் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், துரை மனமும் குளிரும், பேரனுக்கும் தோல் கிடைக்கும் என்று நானும் சந்தோஷப்பட்டேன். லயத்து வீடுகளிலோ அது உயிரோடு ஓடையில் நீந்திக்கொண்டிருக்கும்போதே பங்கு பிரித்து முடித்துவிட்டார்கள். நெய் மூட்டு வலிக்காம், உன் அம்மா முதலில் சொல்லிவைத்துவிட்டாள். வால் ஒருவருக்கு, நகம் ஒருவருக்கு. பேச்சியம்மா பல்லைக் கேட்டாள், எதற்கு என்று கேட்டால் அவளுக்கே தெரியவில்லை.

பொறி வைக்கப் போன இடத்தில்தான் சங்கடம் தொடங்கியது. நீர்நாய் கண்ட இடத்தில் அசிங்கம் செய்யாது, ஒரு பாறையை வைத்துக்கொண்டு தினமும் அங்கேதான் வரும். அந்தப் பாறையில் கிடந்த விட்டையைக் குச்சியால் கிளறினேன், உள்ளே செக்கச் செவேல் என்று நண்டு ஓடு. அடுத்ததிலும் நண்டு ஓடு. மீன் தின்கிற பிராணிக்கு மீன் முள் அல்லவா இருக்க வேண்டும் என்று மனசு கேட்கவில்லை. பொறியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். இருபது நாள் காலையில் போய்ப் பொறுக்கி, ஓடையில் அலசி, வீட்டில் அடுப்போரம் காயவைத்தேன். வேறு தட்டு இல்லாததால் அம்மாவின் சுளகில் காயவைத்தேன், அங்கேதான் தப்புச் செய்தேன். அன்றைக்கு அவள் போட்ட சத்தம் கீழ்க்கணக்கு லயம் வரைக்கும் கேட்டிருக்கும். ஏங்க, இருபத்தஞ்சு வருசம் குடும்பம் பண்ணி கடைசியில பீயைப் பொடைக்கவா என்னைக் கட்டுனீங்க என்றாள். புதுச் சுளகு வாங்கிக் கொடுத்த பிறகுதான் சோறு கிடைத்தது. மொத்தம் நாற்பத்துமூன்று விட்டை, முப்பத்தெட்டில் நண்டு ஓடும் தவளை எலும்பும்தான், ஐந்தில் மட்டும் மீன் முள், அதுவும் நம் ஓடைப் பொடி மீனின் முள்.

காகிதத்தில் கட்டிக்கொண்டு கண்டாக்கையாவிடம் போனேன். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஏய்யா பழனியாண்டி, சாட்சிக்குக் கூட்டிக்கிட்டு வர ஒனக்கு வேற ஆளே கெடைக்கலையா என்றார். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நீர்நாய் திங்கலைன்னா யார் தின்னது, காவக்காரன் நீதானே என்றார். அது எனக்குச் சுருக்கென்று தைத்தது வடிவு. ஒன்பது வருடம் ஆற்றுக் காவலரின் அந்தக் காக்கிக் கோட்டைப் போட்டிருக்கிறேன், ஒரு மீனைத் தொட்டதில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி வருகிறது என்றும் அப்போதே சொல்லி அனுப்பினார்.

அன்று வீட்டுக்கு வந்து என் சட்டைப்பைக் கொப்பியைப் புரட்டினேன். ஓடையில் தண்ணீர் எவ்வளவு, மரம் விழுந்ததா, மீன் செத்து மிதந்ததா என்று தினமும் கிறுக்குவேனே, அந்தக் கொப்பிதான். செத்த மீன் எழுதியிருக்கிற நாளெல்லாம் புதன்கிழமை. புதன்கிழமையில் மீனுக்கு என்ன கண்டம் என்று யோசித்துக்கொண்டே ஓடை வழியாக மேலே ஏறினேன். மூங்கில் புதருக்குக் கீழே பாறையெல்லாம் நீலம் பூத்திருந்தது. தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய்க்கு அடிக்கிற செம்பு மருந்து அது. நம் மருந்தடிக் கங்காணி சோலைமலையின் ஆட்கள் ஆனியிலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் மருந்தடித்துவிட்டு டாங்கிகளை அங்கேதான் கழுவுகிறார்கள். ஏன் அங்கே கழுவுகிறார்கள் தெரியுமா, நான்தான் சொன்னேன். போன வருடம் அவர்கள் லயத்தில் குடிதண்ணீர் பிடிக்கிற பீலியடியில் கழுவி, பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வந்ததே, அப்போது பெண்கள் எல்லாரும் என்னிடம்தான் முறையிட்டார்கள். தண்ணீருக்கு நான்தானே அதிகாரி. மூங்கிலடியில் ஆள் யாரும் குடிப்பதில்லை, அங்கே கொண்டுபோய்க் கழுவுங்கள் என்று நான் கை நீட்டிக் காட்டினேன். அதற்காகத் தேங்காய் உடைத்து எனக்குப் பொட்டு வைத்தார்கள். மனிதர் குடிப்பதை நினைத்தேனே தவிர மீனும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கேயே கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சொன்னால் கோட்டுப் போகும், ஐம்பத்திரண்டு வயதில் மறுபடியும் மலையில் மழைத்தண்ணீர்க் கான் வெட்டப் போக வேண்டும். சொல்லாவிட்டால் அந்தத் தாயும் குட்டியும் ஞாயிற்றுக்கிழமை சாகும், அப்படிச் செத்தும் மீன் மிதப்பது நிற்காது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, அதுவும் புள்ளக்காரிங்க, நெய்யும் வேணாம் ஒண்ணும் வேணாம், போய்ச் சொல்லிருங்க என்றாள். வெள்ளிக்கிழமை விடியற்காலை பெரட்டுக் களத்தில், ஆள் பேர் கூப்பிடுகிற இடத்தில், இரண்டு வாளி வைத்தேன். ஒன்றில் வெறும் ஓடைத் தண்ணீர், இன்னொன்றில் ஓடைத் தண்ணீரோடு டாங்கி கழுவிய தண்ணீர் இரண்டு சிரட்டை. ஒவ்வொன்றிலும் மூன்று பொடி மீன் விட்டேன். துரை குதிரையிலிருந்து இறங்கி என்ன கூத்து இது என்பதுபோல் பார்த்தார். இருந்து பாருங்க தொரை என்று விட்டைப் பொட்டலத்தையும் கொப்பியையும் பக்கத்தில் விரித்தேன். ஆட்கள் மலைக்குப் போகாமல் நின்றார்கள், கண்டாக்கையா விரட்டியும் போகவில்லை. ஏழரை மணிக்குள் மருந்து வாளியில் மூன்றும் வயிற்றைக் காட்டிவிட்டன, மற்ற வாளியில் மூன்றும் துள்ளிக்கொண்டிருந்தன. துரை என் கொப்பியின் புதன்கிழமைகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி, அங்கே களுவ சொன்ன ஆள் யார் என்று அவர் தமிழில் கேட்டார். எல்லாரும் சோலைமலையைப் பார்த்தார்கள். அவன் ஐந்து பிள்ளைக்காரன், என்னைக் கைகாட்டினால் தப்பித்துவிடலாம், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு நின்றானே தவிர வாயைத் திறக்கவில்லை. நாந்தாங்க தொரை என்றேன்.

அவர் திட்டவில்லை. துப்பாக்கி வர வேண்டாம், நீர்நாயை யாரும் தொடக் கூடாது, டாங்கி கழுவ ஓடைக்கு எட்டாத மேட்டில் குழி வெட்டு என்று உத்தரவு போட்டார். கோட்டைக் கழற்றிக் கண்டாக்கையாவிடம் கொடு என்று கடைசியில் சொன்னார். கொடுத்துவிட்டேன். குழி வெட்டியதும் நான்தான், சோலைமலையும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டுக் கூடவே வந்து வெட்டினான். ஒரு மாதமாகப் புதன்கிழமைகளில் ஒரு மீனும் மிதக்கவில்லை, நான் இப்போதும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன், சம்பளமில்லாத காவல். போன வாரம் தாய் நடுவில் போக இரண்டு குட்டியும் அதன் வாலைப் பிடித்து விளையாடிக்கொண்டு நீந்தின. நான் நின்றதைப் பார்த்தும் ஓடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்ததில் பெரட்டுக்குப் பிந்திப் போய் அரைப்பேர்தான் கிடைத்தது, பாதிக் கூலி போயிற்று, அதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் எழுதிவிடாதே.

சம்பந்தியம்மாவிடம் கோபிக்க வேண்டாம் என்று சொல். மஃறூப் நானா கடையில் வாங்கிய வசம்பு வளையலை இத்துடன் வைத்திருக்கிறேன், காரணத்தைக் கேட்டுவிட்டு அவர் விலையே வாங்கவில்லை, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்துவிட்டது அவருக்கு. நீர்நாய் சம்பந்தமாக ஏதாவது வேண்டும் என்று சம்பந்தியம்மா பிடிவாதம் பிடித்தால் காகிதத்தில் சுற்றி ஒரு சின்னச் சிவப்பு நண்டுக் கொடுக்கும் வைத்திருக்கிறேன், அது நிச்சயம் நீர்நாய் கொடுத்ததுதான். ஏழு தண்ணீர் விட்டுக் கழுவியிருக்கிறேன், எந்த வழியாகக் கொடுத்தது என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதே. பிள்ளை வாயில் வைக்காதபடி உயரத்தில் கட்டு. கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள், கிணற்றடியில் யார் எதைக் கழுவுகிறார்கள் என்றும் ஒரு கண் வைத்துக்கொள். மாப்பிள்ளையை வெயிலில் தொப்பி போடச் சொல்.

பேரன் நோய்நொடியில்லாமல் நூறு வயது இருக்கட்டும், நீ தாலி பாக்கியத்தோடு நிறைந்து வாழ வேண்டும். மறக்காமல் ஒன்று: இனிமேல் கடித உறையில் ஆற்றுக் காவலர் என்று போடாதே, வெறும் பழனியாண்டி என்று போட்டால் போதும். தபால் பை தூக்கி வருகிறவனுக்கு ஆள் யார் என்று நன்றாகத் தெரியும், இப்போது தோட்டம் முழுக்க என்னை நீர்நாய்ப் பழனியாண்டி என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோட்டு இருந்த காலத்தில் யாரும் என்னை அவ்வளவு பிரியமாகக் கூப்பிட்டதில்லை.

உன் நினைவாகவே இருக்கும் அப்பா,
கான் வெட்டு
பழனியாண்டி.