மூன்றாவது புள்ளி

ஜனவரி 7, திங்கள்

காலை ஜெபம் முடித்து வந்தபோது புதிய மானிட்டர் மேசையை அடைத்துக்கொண்டு நின்றது. சபையாரின் அன்பளிப்பு. எங்கள் யூத ஜெபாலயத்தின் புதிய ஜெபப் புத்தகத்தை இனி இதில்தான் மெய்ப்புப் பார்க்க வேண்டுமாம். தெளிவு என்னவோ நீரோடைத் தெளிவுதான். எழுத்துகளோ எள்ளைவிடச் சிறியவை. செட்டிங்ஸில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் ஒரு நீண்ட வரிசை இருந்தது. எண்ணைக் குறைக்கக் குறைக்க எழுத்து பெரிதாகிறது. தாழ்ந்தவற்றிலெல்லாம் தாழ்ந்ததைத் தேர்ந்தெடுத்தேன். எழுத்துகள் திராட்சையாய்ப் பருத்தன. தாழ்மைக்கு இவ்வளவு உடனடிப் பலனை நான் வேறெங்கும் கண்டதில்லை.

என் மனைவி புளூமா எட்டிப் பார்த்தாள். "இவ்ளோ பெரிசாவா? பஸ் ஸ்டாப்ல நிக்கிறவன்கூட இங்க பாத்து ஜெபம் பண்ணிட்டுப் போவான்."

ஜனவரி 10, வியாழன்

மொன்ட்ரியாலில் எங்கள் புத்தகத்துக்கு எழுத்தடுக்கிப் பக்கம் கட்டும் நோகாவுக்கு இன்று ஒரு கடிதம். நாற்பது ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொன்னதையே அவளுக்கும் எழுத வேண்டியதாயிற்று: 'எபிரேயத்தில் வரியில் நிற்பது மெய். அதற்குக் கீழே இடும் புள்ளிகளே உயிர். மூன்று புள்ளி குறில், இரண்டு புள்ளி நெடில். பழம்பாடல்களில் குறில் நெடிலாக நீண்டால் சந்தம் நொண்டும். நீங்கள் ஒன்பது இடங்களில் மூன்றாவது புள்ளியை விட்டிருக்கிறீர்கள்.'

கடுமை சற்று அதிகமோ? இருக்கட்டும். பாடல் என்னுடையதன்று, இரக்கம் காட்ட எனக்கு உரிமையில்லை.

ஜனவரி 13, ஞாயிறு

மேலும் பல இடங்கள். இந்தப் பெண் உறங்கிக்கொண்டே பக்கம் கட்டுகிறாளா?

ஜனவரி 16, புதன்

குரேவிச் வந்திருந்தார். புத்தகக் குழுவின் தலைவர்; தொழிலால் கண் மருத்துவர். வின்னிபெக் குளிரில் காரை வெளியே விட்டுவிட்டு ஒருவர் அரைமணி நேரம் கசகசா ரொட்டியைப் புகழ்கிறார் என்றால் ரொட்டிக்காக வரவில்லை என்று பொருள்.

"வாத்தியாரே, நோகா போன் பண்ணினா. நீங்க சொன்ன இடத்துலெல்லாம் மூணு புள்ளிதான் இருக்காம்."

"நான் பார்த்தேன். இரண்டு."

"அதான்... நாளைக்கு க்ளினிக் பக்கம் வாங்களேன். சும்மா ஒரு பார்வை. ஜூன்ல வர்ற வாரங்களின் திருநாளுக்குப் புஸ்தகம் கைல இருக்கணும். முடியலன்னா வேற யாரையாவது பாக்கச் சொல்லலாம். உங்களுக்கும் ஓய்வு."

ஓய்வு. ஓய்வுநாளைத் தவிர வேறு ஓய்வை நான் யாரிடம் கேட்டேன்? இந்தப் புத்தகத்தின் பாடல்களைத் தேடித் தொகுத்தவன் நான். கடைசிப் படியில் என்னை இறக்கிவிடப் பார்க்கிறார்கள். கண்ணு போச்சா? போச்சுன்னா என்கிட்ட என்னதான் மிச்சம்? மனப்பாடம் மிச்சம். அதை வைத்து மெய்ப்புப் பார்க்க முடியுமா?

ஜனவரி 17, வியாழன்

"கண்ணாடிகூட மாத்த வேண்டாம். இந்த வயசுக்கு இது பருந்துக் கண்ணு" என்றார் குரேவிச்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்லி எழுந்தேன். அவரோ எழவில்லை. என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நலமென்றால் கோளாறு அதற்குப் பின்னால் இருப்பதில்தானே என்று அவர் சொல்லவில்லை, நினைத்தார். வீட்டுக்கு வந்து புளூமாவிடம் சொன்னேன்.

"அது கல்யாணம் ஆன நாள்லேருந்தே எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு, கேட்காமலே, எலுமிச்சை பிழிந்து தேநீர் கொண்டுவந்து வைத்தாள். இவளுக்கும் பயம்தான்.

ஜனவரி 20, ஞாயிறு

நோகாவே அழைத்தாள்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு பக்கத்தப் பிரின்ட் எடுத்துப் பாருங்களேன்."

எடுத்தேன். தாளில் மூன்று. திரையில் இரண்டு. மீண்டும் பார்த்தேன், தாளில் மூன்றேதான்.

"திரைல ரெசல்யூஷன் என்ன வச்சிருக்கீங்க?"

சொன்னேன். மறுமுனையில் சிரிப்பை அடக்கும் சத்தம்.

"ஐயா, அந்த மானிட்டரே பொடிப்பொடிப் புள்ளியால ஆனது. நீங்க அதுல ஒன்பதுல எட்டு பங்கத் தூக்கிக் கடாசிட்டீங்க. மூணாவது புள்ளி வந்து உக்கார அங்க இடமே இல்ல. ரெசல்யூஷன முழுசா விட்டுடுங்க. எழுத்து பெரிசாகணும்னா ஸ்கேல்னு தனியா ஒண்ணு இருக்கு, அதக் கூட்டுங்க."

கூட்டினேன். எழுத்தும் பருத்தது, அதன் காலடியில் மூன்றாவது புள்ளி, பனியில் விழுந்த கசகசா மணிபோல, துல்லியமாக. நெஞ்சு இளகிப்போயிற்று. உறங்கியவள் அவளல்லள். மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல ஐயா. உங்க கடிதத்த சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். யாரும் என்ன இவ்ளோ அழகா திட்டினதில்ல."

ஜனவரி 22, செவ்வாய்

முழுத் தெளிவு வந்ததும் வேறொரு தொல்லை. சுட்டெலியை நகர்த்தினால் அம்பு விட்டுவிட்டு வருகிறது. திரை ஒரு நொடியில் எத்தனை முறை தன்னைப் புதுப்பிக்கிறது என்பதற்கு ஹெர்ட்ஸ் என்று ஒரு கணக்குண்டாம். அது முப்பதில் நின்றது. நானே அறுபதாக்கினேன். உடனே அந்தகாரம்.

"வீட்டுல இருந்த ஒரே வெளிச்சத்தையும் அணைச்சாச்சா, பண்டிதரே?" என்றாள் புளூமா.

செய்வதறியாது கைகட்டி அமர்ந்திருந்தேன். சற்றுப் பொறுத்து வெளிச்சம் தானே திரும்பியது. மாற்றியதை வைத்துக்கொள்ளவா என்று இருட்டுக்குள் அது என்னிடம் கேட்டிருக்கிறது. பதினைந்து நொடிக்குள் விடை வராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்புவது அதன் விதியாம். இருளில் கிடப்பவனால் விடை சொல்ல இயலாது என்று முன்னரே அறிந்து, அவன் மௌனத்தையே விண்ணப்பமாக ஏற்கும் ஏற்பாடு. இதை வகுத்த பொறியாளன் எந்த மதத்தானாயினும் ஜெபிக்கத் தெரிந்தவன்.

குற்றம் கேபிளில் என்கிறாள் நோகா. "பழசு ஐயா, அவ்ளோ பாரம் தூக்காது."

ஜனவரி 24, வியாழன்

புதிய கேபிள். அறுபது. அம்பு பனிச்சறுக்குபோல வழுக்கிச் செல்கிறது. முதல் பக்கத்திலிருந்து மீண்டும் தொடங்கினேன், வெறும் மகிழ்ச்சிக்காகத்தான். இப்பக்கங்களைச் சென்ற இலையுதிர் காலத்திலேயே பழைய மானிட்டரில் பார்த்துத் தேர்ச்சி சொல்லியாயிற்று.

தேநீர் வைக்க வந்த புளூமா திரையில் விரலை வைத்தாள். "இங்க ஏன் புள்ளி தள்ளி இருக்கு?"

"தள்ளி இல்லை" என்று அந்த அடியை ராகத்தோடு சொல்லிக் காட்டினேன்.

"நீங்க பாடுறத யார் கேட்டா? அங்க என்ன இருக்குன்னு கேட்டேன்."

அடுத்த எழுத்தின் கீழ் இருந்தது.

அவளுக்கு எபிரேய எழுத்து தெரியும். பாடலின் பொருள் அவ்வளவாகத் தெரியாது. வாழ்நாளெல்லாம் பியானோ சொல்லிக் கொடுத்தவள். "கோட்டுல ஒரு புள்ளி ஏறி உக்காந்தா வேற சுரம். எனக்கு உங்க பாட்டு தெரியாது, அதனால இருக்கறதத்தான் பாக்கறேன்" என்றாள்.

ஜனவரி 27, ஞாயிறு

அவள் அருகில் அமர்ந்து பார்க்கப் பார்க்க, மேலும் ஏழு. ஏழும் மெய்யான பிழைகள். ஏழும் நான் தேர்ச்சி சொன்ன பக்கங்களில். கண் புள்ளியை அடையும் முன்பே என் வாய் அடியை முடித்துவிடுகிறது. திரையைச் சரிசெய்தாயிற்று, இதற்கு எந்தச் செட்டிங்ஸ்?

சொல்லாமல் திருத்தி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னால் குரேவிச் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிவிடுவார். முறைப்படி வாங்கவும் வேண்டும்.

தெரிய வேண்டியவருக்குத் தெரியும். நாளை மறுநாள் அழைக்கிறேன். — நாளை ஏன் இல்லை? கோழையே.

ஜனவரி 29, செவ்வாய்

சொல்லிவிட்டேன். கண் சரி, திரை சரி, மனப்பாடம்தான் மறைத்தது என்றேன். வீட்டுக்கு வந்திருந்த குரேவிச் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அப்ப... வேற ஆள் பாக்கவா வாத்தியாரே?"

அடுக்களையிலிருந்து புளூமா: "ஆள் இங்கதான் சூப் கிண்டிக்கிட்டு இருக்கு. எது தப்புன்னு நான் சொல்வேன். ஏன் தப்புன்னு கேட்டா அவர்தான் சொல்லணும். ரெண்டு பேரும் சேந்தாதான் ஒரு ஆள்."

"அவர் சண்டை போட்டா?"

"போடுவார். தோப்பார்."

குரேவிச் சிரித்துவிட்டார். நான் உடனே சிரிக்கவில்லை. பார்லி சூப் வந்த பின் சிரித்தேன்.

பிப்ரவரி 12, செவ்வாய்

புளூமாவுக்குத் தனி மானிட்டர். ஸ்கேலை என்னைவிடக் குறைவாக வைத்துக்கொண்டு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

மார்ச் 20, புதன்

கடைசிப் பக்கமும் போயிற்று. இருநூறாம் பக்கத்துப் பூசலில் நான் வென்றேன். அதை இங்கேயாவது குறித்து வைக்கிறேன்.

மே 26, ஞாயிறு

புத்தகம் வந்தது. முத்தமிட்டு, ஆசி சொல்லித் திறந்தேன். புளூமா தலைப்புப் பக்கத்தின் பின்புறத்துக்கு நேரே போனாள். 'புள்ளிகளைச் சரிபார்த்தவர்கள்: புளூமா பெர்ல்மட்டர், அன்ஷெல் பெர்ல்மட்டர்.'

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தாள்.

"அகரவரிசைப்படி உங்க பேருதானே முன்னால வரணும்?"

"ஆம்."

"பின்ன?"

"அச்சுப்பிழைபோல் இருக்கிறது" என்றேன். "கவனிக்கத் தவறிவிட்டேன்."