தணல்மேல் விட்ட கறி

காட்டூர்,
16-8-1966

அன்பு மகள் தெக்லாவுக்கு,

கொதித்தது, நேற்று நன்றாகக் கொதித்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல். இன்று காலை கொதிக்கவிடவில்லை. அதுதான்.

நலம் விசாரிக்காமலே தொடங்கிவிட்டேன். இதை எழுதும் இரண்டு மணி வரை நானும் அப்பாவும் சுகம். இரண்டு மணி வரை என்றுதான் எழுத வருகிறது. லண்டனில் நீ சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

நேற்று மாதா திருநாள், பெரிய சட்டியில் ஆட்டுக்கறிக் குழம்பு, மிஞ்சியதை மூடி அடுப்புத் தணல்மேலேயே விட்டேன், சூடு விட்டால்தான் கெடும் என்று நம் வீட்டில் அப்படித்தானே. காலையில் தொட்டேன், வெதுவெதுப்பு. மணமும் மாறவில்லை. திரும்பக் கொதித்தால் கறி நார்நாராகிவிடும் என்று அப்படியே கேரியரில் போட்டேன், அப்பா சைக்கிளில் உறையூர் போய் உன் தைரியராஜ் மாமாவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார். தம்பி டைபாய்டிலிருந்து எழுந்து பன்னிரண்டு நாள்தான். போன வாரம் அவன் பெண்டாட்டி ரோசம்மாள், அக்கா கைப்பக்குவம் அக்கா கைப்பக்குவம்னு நான் வைக்கிற கஞ்சியத் தொடவே மாட்டேங்கறாரு அண்ணி, இனிமே நீங்களே ஆக்கிப் போடுங்க என்று குத்தலாகச் சொன்னாள். அது எனக்கு இனித்தது. அதனால் அனுப்பினேன்.

பன்னிரண்டு மணிக்கு உன் கடிதம். உன் சோதனைச்சாலையில் நீங்கள் வளர்க்கும் கறிக் கிருமி. பெயர் ஒன்று, ரகம் பல. ஒரு ரகம் கொதியில் செத்துவிடுகிறது, இன்னொன்று கொதியைத் தாங்கிக்கொண்டு சட்டி வெதுவெதுப்பாக இருக்கும் நேரத்தில் பெருகுகிறது, பத்து நிமிஷத்தில் இரண்டு மடங்கு. ஐஸ் பெட்டிக்குள் அசையாது. ருசியில் தெரியாது. எட்டு மணி நேரம் கழித்துத்தான் வயிறு சொல்லும். எப்படி ஆறவைக்கிறீங்கம்மா என்று கேட்டிருந்தாய். நான் ஆறவே வைக்கவில்லை தெக்லா. இரவெல்லாம் அதற்கு இதமாக வைத்திருந்திருக்கிறேன். அப்பாவிடம் படித்துக் காட்டினேன், லண்டன் கிருமி நம்ம மொளகாயத் தாங்காதுடி என்று சிரித்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். எந்த ரகம் என் சட்டிக்குள் வந்ததோ, எதுவுமே வரவில்லையோ. நாங்களும் காலையில் இட்லிக்குத் தொட்டுக்கொண்டோம், எங்களுக்குத் தாங்கும். அவன் குடல் இன்னும் புண்.

எழுதும்போதுதான் உறைக்கிறது, கேரியரில் இரண்டு தட்டு, கீழ்த்தட்டு ராத்திரிக்கு என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். இங்கே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ரோசம்மாளிடம் என்ன சொல்வது என்ற வெட்கம், வேறொன்றும் இல்லை.

மாதா உன்னைக் காக்கட்டும். வேலை மேஜையில் வைத்து எதையும் சாப்பிடாதே. நகத்தை ஒட்ட வெட்டு.

உன் அம்மா,
இருதயமேரி

பி.கு. உறையூரிலிருந்து, மணி நாலேகால். காலை எட்டு மணிக்கே இரண்டு தட்டும் காலி. ரோசம்மாளிடம் சொல்லிவிட்டேன். தம்பி வயிற்றைப் பிடித்தபடி இரண்டு தடவை கொல்லைக்கு எழுந்து போய்விட்டான். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகிறேன், இதை வழியில் பெட்டியில் போடுகிறேன்.